முதல் தொகுதியில் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று தோன்றினால்: ஹோரிமியா பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ‘தோழி சொன்னாள் என்று ஹோரிமியா என்ற மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், முதல் தொகுதியைப் படித்தேன். இனிமையாக இருக்கிறது, நடுநடுவே சிரிப்பும் வருகிறது. ஆனால் கதை என்று ஒன்றுமே நடக்கவில்லை. எல்லாத் தொகுதிகளும் இப்படியேதான் போகுமா, அல்லது நான் எதையாவது தவறவிடுகிறேனா? இது பெண் பிள்ளைகளுக்கான கதையா?’ ஹோரிமியாவைப் பற்றிய விசாரணை இதில் பாதிதான். லேசான ஒரு கதையைப் படித்ததும் எழுகிற முதல் எண்ணத்தை எவ்வளவு நம்பலாம் என்பதே மீதிப் பாதி. நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விரும்புவது அந்த மீதிக்குத்தான்.

நான் சென்னையில் பதினான்கு ஆண்டுகளாக ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். இடைநிலை வகுப்புக்கு மங்காவைப் பாடமாக வைப்பது என் வழக்கம். பாடநூலில் வருகிறவர்கள் எந்நேரமும் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மங்காவில் வருகிறவர்கள்தான் உண்மையில் பேசுகிறார்கள். ஹோரிமியாவை அப்படி நான்கைந்து முறை வகுப்பில் பக்கம் பக்கமாகப் பிரித்திருக்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: முதன்முறை கையில் எடுத்தபோது இருபது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். பால்கோவாவை வெறும் வயிற்றில் சாப்பிட்டது போல இருந்தது. ஆகவே உங்கள் முதல் எண்ணத்தைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஹோரிமியா முதலில் அச்சுக்காகப் பிறந்த கதை அல்ல. ஹீரோ என்ற புனைபெயரில் வரைபவர் 2007 முதல் 2011 வரை தன் சொந்த இணையதளத்தில் ‘ஹோரி-சானும் மியாமுரா-குன்னும்’ (சான், குன் இரண்டும் பெயரோடு ஒட்டும் மரியாதைச் சொற்கள்) என்ற பெயரில் வரைந்த நான்கு கட்டச் சித்திரங்களே அதன் மூலம். அதைத்தான் ஹகிவாரா தாய்சுகே என்ற ஓவியர் புதிதாக வரைந்து, 2011 அக்டோபர் முதல் 2021 மார்ச் வரை ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் ஜி ஃபேன்டசி மாத இதழில் கொண்டுவந்தார். முதன்மைக் கதை 16 தொகுதிகளில் முடிகிறது. நாயகி ஹோரி, நாயகன் மியாமுரா. இரண்டு குடும்பப் பெயர்களையும் வெட்டி ஒட்டியதுதான் தலைப்பு. பர்சனல் கம்ப்யூட்டரைப் ‘பாசோகோன்’ என்றும், பாக்கெட் மான்ஸ்டரைப் ‘போகேமோன்’ என்றும் நான்கு அசைக்குள் சுருக்குகிற ஜப்பானியப் பழக்கம் இங்கே ஒரு காதல் ஜோடியைச் சுருக்கியிருக்கிறது. தலைப்பிலேயே இருவரையும் ஒட்டவைத்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ‘இவர்கள் சேருவார்களா’ என்ற கேள்வியைக் கதை தொடக்கத்திலேயே கைகழுவிவிட்டது.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று உங்களுக்குத் தோன்றுவதற்கு அந்த நான்கு கட்டப் பிறப்பு ஒரு காரணம். ஜப்பானில் இந்த வடிவத்துக்கு யோன்கோமா என்று பெயர். முதல் கட்டத்தில் ஒரு சூழல், இரண்டாவதில் அது சற்று நகரும், மூன்றாவதில் எதிர்பாராமல் ஒரு திருப்பம், நான்காவதில் முடிவு. இந்த அளவுக்குள் பெரிய சம்பவம் எதையும் வைக்க முடியாது. ஒரு பார்வை, ஒரு வாய்தவறல், ஒரு அசட்டுச் சிரிப்பு, அவ்வளவுதான் அடங்கும். ஹகிவாரா அதை நீண்ட அத்தியாயமாக விரித்திருந்தாலும் அடியில் அந்த மூச்சு மாறவில்லை. வகுப்பில் ஒரு மாணவர் இதைக் கேட்டுவிட்டு, ‘சார், இது தொடர்கதையா, துணுக்குத் தோரணமா?’ என்றார். துணுக்குத் தோரணம்தான். ஆனால் தோரணத்தைக் கட்டியிருக்கிற நூல் ஒன்று உண்டு, அது முதல் அத்தியாயத்திலேயே கண்ணில் படும்படி கிடக்கிறது.

அந்த அத்தியாயத்தைத் திரும்ப ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஹோரி கியோகோ பள்ளியில் எல்லோருக்கும் பிடித்த, அழகாக உடுத்துகிற, நன்றாகப் படிக்கிற பெண். பள்ளி விட்டதும் தோழிகளோடு ஊர்சுற்ற அழைத்தால் வரமாட்டாள். வீட்டில் அவள் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, முகப்பூச்சு ஏதுமில்லாமல் சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், சிறுவனான தம்பி சோட்டாவைப் பார்த்துக்கொள்கிறாள். அம்மாவுக்கு வேலை ஓய்வதில்லை. ஒருநாள் மூக்கில் ரத்தம் வழிய நிற்கும் சோட்டாவை, காதிலும் உதட்டிலும் வளையங்கள் மாட்டிய ஓர் இளைஞன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறான். யாரோ என்று நினைத்து அவள் நன்றி சொல்கிறாள். அவனோ அவள் வகுப்பில் கண்ணாடியும் கலைந்த நீள முடியுமாக மூலையில் உட்கார்ந்திருக்கும் மியாமுரா. ஒருவருடைய வேடம் இன்னொருவருக்குத் தெரிந்துபோகிறது, அதுவும் ஒரே வாசலில், சில பக்கங்களுக்குள்.

இந்த வகைக் கதைகளில் ரகசியம் என்பது சேமிப்புக் கணக்கு மாதிரி. நாயகனின் உண்மை முகம் நாயகிக்குத் தெரியவரும் காட்சியைப் பலர் மூன்று நான்கு தொகுதிகளுக்கு ஒத்திப்போட்டு, வட்டியோடு எடுப்பார்கள். காதலைச் சொல்லும் காட்சியை இன்னும் தள்ளிப்போடுவார்கள். 2005இல் தொடங்கி 2017இல் முடிந்த ‘கிமி நி தோதோகே’ 30 தொகுதிகள் ஓடியது. அதன் நாயகனும் நாயகியும் மனம் திறந்து பேசிக்கொள்வதற்குள் வாசகருக்குப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கதையும் எனக்குப் பிடிக்கும், அதன் காத்திருப்புக்கு ஒரு ருசி இருக்கிறது. ஹோரிமியா செய்தது வேறு: சேமிப்பை முதல் நாளே எடுத்துச் செலவழித்துவிட்டது. இனி ரகசியம் இல்லை. தெரிந்துகொண்ட இருவர் எப்படிப் பழகுவது என்பதுதான் மிச்சம். ஆகவே நீங்கள் தேடிய ‘நடப்பது’ நடக்கவில்லை என்பதை விட, நீங்கள் காத்துக்கொண்டிருந்தது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பதே சரி.

அந்த வாசல் காட்சி ஜப்பானிய வாசகருக்கு நம்மை விடக் கனமாக விழும் என்று நினைக்கிறேன். வீட்டு முகப்பில் காலணி கழற்றும் இடத்தைக் கென்கான் என்பார்கள். உள்ளே இருப்பது ‘உச்சி’, வெளியே இருப்பது ‘சோதோ’. யாரிடம் எந்த மரியாதையில் பேசுவது, எதைச் சொல்வது, எதை விழுங்குவது எல்லாம் அந்தக் கோட்டைப் பொறுத்தது. அகம், புறம் என்று கரும்பலகையில் எழுதினால் என் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இலக்கணம் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். வகுப்பறையில் யாரோவாக இருந்தவன் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, சோட்டாவோடு விளையாடி, ஹோரி வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். மறுநாளும் வருகிறான். ‘சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறான்’ என்று நாம் தாண்டிப்போகும் இடம்தான் கதையின் மையம்.

மியாமுராவின் வளையங்களும், உடைக்குள் அவன் மறைத்து வைத்திருக்கும் பச்சைக்குத்தலும் அலங்காரமாக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. காது குத்துவது நம் ஊரில் மாமன் மடியில் உட்கார்த்திச் செய்யும் விழா. அந்தக் கண்ணோடு பார்த்தால் அவன் ஏன் இவ்வளவு மறைக்கிறான் என்பது விளங்காது. ஜப்பானில் மெய்ஜி அரசு 1872இல் பச்சைக்குத்தலைத் தடை செய்தது. 1948இல்தான் தடை நீங்கியது. சட்டம் போன பிறகும் யாகுசா என்னும் குற்றக் கும்பல்களோடு சேர்த்துப் பார்க்கும் பார்வை போகவில்லை. பச்சைக்குத்தியவர்களை உள்ளே விடாத வெந்நீர் ஊற்றுக் குளியல் இல்லங்களும் நீச்சல் குளங்களும் இன்றும் உண்டு. பச்சைக்குத்துவதற்கு மருத்துவ உரிமம் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததே 2020இல்தான். பள்ளிகளின் தோற்ற விதிகள் இன்னும் கடுமையானவை. பிறவியிலேயே பழுப்பு முடி கொண்ட தன்னைக் கறுப்புச் சாயம் பூசச் சொல்லி வற்புறுத்தினார்கள் என்று ஒசாகா மாகாணத்தில் ஒரு மாணவி 2017இல் வழக்குத் தொடர்ந்தார். 2021இல் நீதிமன்றம் அவருக்கு 3,30,000 யென் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பிலும் முடி நிறம் பற்றிய பள்ளி விதியையே தவறென்று சொல்லவில்லை. இந்தப் பின்னணியில், கோடையிலும் நீளக் கையோடு வரும், நீச்சல் வகுப்பைத் தவிர்க்கும், முடியால் காதை மூடிக்கொள்ளும் ஒரு பையனைப் பாருங்கள். கதை இதைப் பற்றி அழுது புலம்புவதில்லை. நகைச்சுவையாகவே தொட்டுவிட்டுப் போகிறது. லேசாக இருப்பதும் மேலோட்டமாக இருப்பதும் ஒன்றல்ல என்று நான் வகுப்பில் சொல்வது இந்த இடத்தைக் காட்டித்தான்.

மொழிபெயர்ப்பில் நீங்கள் படித்திருந்தால் இன்னொன்று உங்கள் கண்ணில் படாமலேயே நழுவியிருக்கக்கூடும். தொடக்கத்தில் அவள் அவனை ‘மியாமுரா-குன்’ என்கிறாள், அவன் அவளை ‘ஹோரி-சான்’ என்கிறான். வெகு சீக்கிரத்தில் அவள் ‘குன்’னை உதிர்த்துவிட்டு வெறும் ‘மியாமுரா’ என்று கூப்பிடத் தொடங்குகிறாள். அவனோ ‘சான்’ என்பதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பழக்கம் கூடக்கூட ஒருவர் ‘நீ’க்கு இறங்கிவிட, மற்றவர் ‘நீங்க’ளிலேயே நிற்பதை நாமும் பார்த்திருக்கிறோம், அந்த ஏற்றத்தாழ்வில் இருக்கிற கூச்சம், பயம், பிரியம் எல்லாம் இங்கேயும் இருக்கிறது. குடும்பப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரால் ஒருமுறை கூப்பிடுவதே பின்னால் பெரிய நிகழ்ச்சியாக வரும். அதைப் படிக்கும்போது என் வகுப்பில் ஒரு பெண் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். முத்தக் காட்சிக்கு அவர் அப்படிச் செய்யவில்லை.

ஓவியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹகிவாரா பல கட்டங்களில் பின்புலத்தை வெறுமையாகவே விட்டுவிடுவார். பேச்சு பலூன் கூட இல்லாத கட்டங்கள் அடிக்கடி வரும். அவசரமாகப் புரட்டுகிறவருக்கு அது காலி இடம். ஜப்பானியத்தில் அமைதிக்கே ‘ஷீன்’ என்று ஒலிக்குறிப்பு உண்டு, உற்றுப் பார்ப்பதற்கு ‘ஜீ’ என்று ஒன்று, நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு ‘தொகிதொகி’. கடைசியது நம் ‘திக்திக்’கின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி இல்லையா? தற்செயல்தான், ஆனால் எனக்குக் கற்பிக்கச் சௌகரியம். இந்தப் பேச்சற்ற கட்டங்களில் நின்று போகிறவருக்கு முதல் தொகுதி ஒரு மணி நேரம் எடுக்கும், பலூன்களை மட்டும் படிப்பவருக்குப் பதினைந்து நிமிடம். எல்லாவற்றுக்கும் மேல், வலமிருந்து இடமாகப் படித்தீர்கள்தானே? சிரிக்காதீர்கள். இடப்பக்கக் கட்டத்திலிருந்து தொடங்கி, ‘கேள்வி வருவதற்கு முன்பே இவள் ஏன் கோபப்படுகிறாள்’ என்று என்னிடமே கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கான கதையா என்ற கேள்விக்கு நேரடியான விடை உண்டு. ஜப்பானில் ஷோஜோ (சிறுமியர்), ஷோனென் (சிறுவர்) என்ற பெயர்கள் கதையின் சுவையை விட, அது வெளிவந்த இதழ் யாரைக் குறிவைத்தது என்பதையே சொல்கின்றன. ஜி ஃபேன்டசி சிறுவர்களுக்கான ஷோனென் இதழ் வரிசையில் வைக்கப்படுவது. நடைமுறையில் அதைப் பெண்களும் நிறையப் படிக்கிறார்கள். எனவே அட்டையைப் பார்த்துக் கூச்சப்பட ஒன்றுமில்லை. என் வகுப்பில் இதை விடாமல் கடன் வாங்கிப் போனவர் ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர்.

இனி, எனக்கே உறுதியில்லாத பகுதி. முதல் தொகுதி தரும் எண்ணம் கடைசி வரை செல்லுபடியாகுமா? பாதி ஆகும். இருவரும் மற்ற கதைகளை விடச் சீக்கிரமே சேர்ந்துவிடுகிறார்கள், இது ரகசியமல்ல. ஹோரி காய்ச்சலில் படுத்திருக்கும்போது, அவள் தூங்குகிறாள் என்று நினைத்து மியாமுரா சொல்லிவிடுகிற அந்த இடம்தான் எனக்கு முழுக் கதையிலும் மிகப் பிடித்தது. ‘தயவுசெய்து என்னோடு பழகு’ என்று தலைகுனிந்து கேட்கும் வழக்கமான கோகுஹாகு சடங்கு அங்கே இல்லை. வாய்விட்டு நினைத்துப் பார்ப்பது போல ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கதை தன் கூட்டாளிகளிடம் திரும்புகிறது. மாணவர் பேரவைக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், அந்த நண்பர்களின் கூச்சங்கள் என்று ஆட்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். நடுத் தொகுதிகளில் ஹோரியும் மியாமுராவும் தங்கள் கதைக்கே விருந்தாளிகளாக வந்துபோகிற அத்தியாயங்கள் உண்டு. மூலச் சித்திரங்கள் துண்டு துண்டாக இருந்ததால் இப்படி ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை. எனக்கு அந்த நடுப்பகுதி தொய்வாகப் பட்டது. என் மாணவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்துக்காகவே படித்தார்கள்.

எனக்கு உறுத்திய இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஹோரி கோபம் வந்தால் கை நீட்டுகிறாள், கதை அதைச் சிரிப்பாக்குகிறது. பின்னால், மியாமுரா தன்னை அதட்ட வேண்டும் என்று அவளே கேட்டு நச்சரிக்கும் ஒரு வேடிக்கையும் திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை சிரித்தேன். ஐந்தாம் தடவை பக்கத்தைத் தாண்டினேன். முதல் தொகுதியின் மென்மையை நம்பி உள்ளே போகிறவருக்கு இது சற்று முகம் சுளிக்க வைக்கலாம், முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

அதே நேரம், முதல் எண்ணம் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அதன் பெயர் இஷிகாவா தோரு. ஹோரியை விரும்புகிறவன், அவளிடம் சொல்லி மறுக்கப்படுகிறவன். வழக்கப்படி அவன் எரிச்சலூட்டும் எதிரியாக ஆகியிருக்க வேண்டும், அல்லது காணாமல் போயிருக்க வேண்டும். இங்கே அவன் மியாமுராவுக்கு நண்பனாகிறான். பள்ளிக் காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்குக் காதல் கிடைப்பதை விட நண்பன் கிடைப்பது பெரிய செய்தி என்று கதை மெல்ல மெல்லக் காட்டிவிடுகிறது. மியாமுராவின் முந்தைய பள்ளி நாட்கள் தெரியவரும்போது, முதல் தொகுதியில் அவன் ஏன் ஒரு சாதாரண மதிய உணவுக்கு அவ்வளவு மகிழ்ந்தான் என்பது பின்னோக்கி விளங்கும். இரண்டாம் வாசிப்பில்தான் எனக்கு அது பட்டது, அதுவும் ஒரு ரயில் பயணத்தில் வேறு புத்தகம் இல்லாததால்.

என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் ஜப்பானியப் பள்ளியில் படித்தவன் அல்ல. உயர்நிலைப் பள்ளி அங்கே மூன்றே ஆண்டு, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் என்பது எனக்குப் பாடம். அந்த மூன்றாண்டு கையை விட்டு நழுவுகிற ஏக்கம் அதில் வாழ்ந்தவர்களுக்கே முழுதாகப் புரியும். தவிர, நாற்பதைத் தாண்டியவன் பதினேழு வயதுக் காதலைப் படித்துச் சொல்லும் தீர்ப்பில் பாதி தன் பழைய நினைவுகளுக்கானது. உங்கள் வயது எனக்குத் தெரியாது. அது என் பதிலை விட அதிகம் தீர்மானிக்கும்.

தொடர்வதா என்றால், மியாமுரா முடிவெட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் அத்தியாயம் வரை போய்ப் பாருங்கள். அதுவரை மறைத்தது இனி மற்றவர்களுக்கும் தெரியப்போகிறது என்ற இடம் அது. அந்தக் காட்சியில் ஹோரியின் முகத்தைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் நிறுத்திவிடலாம், நஷ்டமில்லை. காதல் கதையில் மோதலும் தந்திரமும் வேண்டும் என்பவர்களுக்கு, இரண்டு அறிவாளிகள் முதலில் காதலைச் சொல்கிறவர் தோற்றவர் என்று போட்டி போடும் ‘காகுயா-சாமா’ இருக்கிறது. 2015 முதல் 2022 வரை வந்து 28 தொகுதிகளில் முடிந்தது. அதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

கடைசியில் நீங்கள் ஒட்டுக் கேள்வியாகக் கேட்டது: மங்காவுக்குப் பதில் அதன் அசைபட வடிவமான அனிமேவைப் பார்த்தால் போதாதா? 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்த, குளோவர்வொர்க்ஸ் நிறுவனம் எடுத்த 13 பகுதிகள் அழகானவை, வண்ணங்களை அவர்கள் பயன்படுத்திய விதம் எனக்குப் பிடித்தது. ஆனால் 16 தொகுதிகளை அதற்குள் அமுக்கியதால், நான் மேலே சொன்ன பேச்சற்ற கட்டங்கள்தான் முதலில் வெட்டுப்பட்டன. விட்டுப்போன துணுக்குகளைச் சேர்த்து 2023 ஜூலை முதல் இன்னொரு 13 பகுதிகள் வந்தன. அது தொடர்ச்சி அல்ல, இடைச்செருகல். முதல் 13ஐப் பார்க்காமல் அதில் நுழைந்தால் யார் யாரென்றே தெரியாது.